எட்டு மணிக்கு மேல வாங்க, பேசுவோம்

மருமவனே, ஒளியுததுல ஒன்னை அடிச்சுக்க ஆளு கெடையாதுலே. தண்டல்காரன் பைக் சத்தம் தெருமுக்குல கேக்கும்போதே நீ மச்சுல ஏறிருதே. பேங்க்ல இருந்து போன் வந்தா ஒன் மூத்த பய எடுத்து, "அப்பா குளிக்காவ"ங்கான். அவனுக்கு நீ சொல்லிக்குடுத்த முத பாடமே அதுதான். ஒரு நாளைக்கு ஏழு தடவை குளிக்க ஆம்பளை முக்கூடல்லயே நீ ஒருத்தன்தான். ஆறு பக்கத்துல ஓடுதுங்கதால கேக்கவனும் நம்பிட்டுப் போனை வச்சிருதான். இம்புட்டுத் தெறமையை வச்சுக்கிட்டு நீ ஏன் கடன்ல கெடக்கேன்னுதான் எனக்கு வெளங்கல.

வா, திண்ணையில உக்காரு. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை, ஒருத்தனும் வரமாட்டான். வந்தாலும் நான் பேசிக்கிடுதேன். அம்பாசமுத்திரம் கோர்ட்டு வாசல்ல வக்கீல் குமாஸ்தாவா வேட்டி வெளுத்தவன் நான். கடன் குடுத்தவன், வாங்குனவன் ரெண்டு பேரும் டீக்கடையில என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். கோர்ட்டுக்குள்ள பேசுனது வேற, அதை விடு.

கடன் குடுத்தவனுக்கு ஒன் மானம் வேண்டாம்லே. அதை வாங்கிட்டுப் போயி அவன் எந்தச் சந்தையில விக்கப் போறான்? அவனுக்கு வேண்டியது ரூவா. அந்த ரூவா என்னைக்கு வரும்னு ஒரு தேதி. ரூவா கொஞ்சம் கொறைஞ்சாக்கூட பொறுத்துக்கிடுவான். தேதி தெரியலைன்னாத்தான் தெருவுல நின்னு கத்துதான். நீ ரெண்டையும் குடுக்காம மச்சுல போயி எலியோட குடித்தனம் பண்ணுதே.

"எம்புட்டுலே கடன்?"னு நேத்து கேட்டேன். நீ மோட்டைப் பாத்துக்கிட்டு, "ஒரு ஒண்ணரை லச்சம் இருக்கும் மாமா"ன்னே. ஒன் பொஞ்சாதி, அந்தப் புள்ள, நடையில பீடித்தட்டை மடியில வச்சுக்கிட்டு, தலை நிமிராம, "குழு லோனு?"ன்னா. சரி, அது 32,000. ஒரு எலையைச் சுருட்டி முடிச்சுட்டு, "என் சங்கிலி?"ன்னா. பேங்க்ல அடகு, 80,000. அப்புறம் நூலைச் சுத்திக்கிட்டே, "தண்டல்"னா. அதுல பாக்கி 6,000. கார்டு ஐம்பதாயிரம்னு நீ சொன்னே, சீட்டை எடுத்துப் பாத்தா 68,000. கமிஷன் கடை அண்ணாச்சி புரோநோட்டு ஒரு லச்சம். போன்ல ஆப்புல வாங்குனது 7,000. அதை நீ சொல்லல, போன் அடிச்சு அதுவே சொல்லிட்டு. அந்தப் புள்ள ஒரு கட்டு பீடி கட்டி முடிக்கதுக்குள்ள ஒண்ணரை லச்சம் 2,93,000 ஆகிப் போச்சு.

ஏத்துனது எங்கேன்னு கேக்க மாட்டேன். சின்னவன் காதுகுத்துக்கு மண்டபம் பிடிச்சே, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஃபிளெக்ஸ் வச்சே, ட்ரோன் பறக்க விட்டே. அந்த ட்ரோன் எடுத்த படத்தைப் பாத்தேன். என் வழுக்கை நல்லா விழுந்துருக்கு. அதுக்கு நீ இன்னும் மாசாமாசம் வட்டி கட்டுதேன்னு நெனைக்கும்போது எனக்கே தலையைத் தடவிப் பாக்கணும்போல இருக்கு.

சரி, நோட்டை எடு. கோடு போடு. யாருக்கு, கைக்கு வந்தது எம்புட்டு, இதுவரைக்கும் கட்டுனது எம்புட்டு, இன்னும் எம்புட்டு, என்ன வட்டி. கடைசியா ஒரு கட்டம் பெருசாப் போடு: அவன் கையில ஒன்னோடது என்ன இருக்கு? ஊருல பாதிப் பேரு அந்தக் கட்டத்தைப் போட மாட்டான். அதுலதான் சூட்சுமமே. பேங்க்ல சங்கிலி இருக்கு. அண்ணாச்சி கையில நீ தொகை எழுதாம கையெழுத்துப் போட்ட நோட்டும் ரெண்டு வெத்துச் செக்கும் இருக்கு. குழுவுல ஒன் பொஞ்சாதி முகதாட்சண்யம் இருக்கு. கார்டுகாரன் கையில ஒண்ணும் இல்ல, அதான் அவன் நாளைக்கு முப்பது தடவை போன் பண்ணுதான். சத்தம் போடுதவனுக்கு முதல்ல குடுக்கதுதான் நம்ம ஊரு வழக்கம். குடுத்துப் பாரு, அடுத்த மாசம் எல்லாவனும் சத்தம் போடக் கத்துக்கிடுவான்.

கார்டுக்கு மாசம் 3,400, தேதி தள்ளியாவது கட்டிருதேன் மாமான்னு நெஞ்சை நிமித்துனே. அது மினிமம் டியூ, நூத்துக்கு அஞ்சு. மாசம் மூணரை வட்டின்னா 68,000-க்கு வட்டி மட்டும் 2,380. அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 428. மிச்சம் 592. அதுதான் முதல்ல கழியுது. 592 ரூவா கழிக்கதுக்கு 3,400 கட்டுத மகராசன் நீ. நடுவுல டீசலுக்கு அதே அட்டையைத் தேய்க்கே. பழைய பாக்கி நிக்கவனுக்கு அந்த வட்டியில்லாத நாள் சலுகையெல்லாம் கெடையாது, தேய்ச்ச அன்னைக்கே வட்டி ஏறிரும். வருசத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல கார்டு வட்டி வாங்கக்கூடாதுன்னு 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லிச்சு. 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து பண்ணிட்டு. அதனால டெல்லியில இருந்து ஆள் வந்து காப்பாத்துவான்னு மச்சுல காத்துக் கெடக்காதே.

நாளைக்குக் காலையில நீயே பேங்குக்குப் போ. அவன் கூப்பிடுததுக்கு முன்னாடி நீ போனா அவனுக்கு என்ன பேசன்னே தெரியாது, மனப்பாடம் பண்ணி வச்சதெல்லாம் மறந்துரும். பாக்கி முழுசையும் தவணையா மாத்திக் கேளு. ஒண்ணரை வட்டிக்கு 24 மாசம் போட்டுத் தந்தான்னு வச்சுக்கோ, தவணை 3,400-க்குக் கிட்டத்தான் வரும், வரி தனி. இப்பக் கட்டுத அதே காசுலே! ஆனா ரெண்டு வருசத்துல முடிஞ்சிரும். அட்டையை அங்கனயே வெட்டிப் போட்டுட்டு வா. ஒண்ணு மட்டும் நெனப்பு வச்சுக்கோ: 90 நாள் தவணை தவறிட்டா வாராக்கடன்னு எழுதிருவான். அதுக்கு முன்னாடி போனவனுக்குத்தான் நாற்காலி போடுவான்.

"பாதி கட்டுங்க சார், முடிச்சிரலாம்"னு ஒருத்தன் தேனாப் பேசுவான். பாதிக்கு முடிச்சா சிபில்ல 'செட்டில்டு'ன்னு ஏறும், முழுசாக் கட்டி முடிச்சவன்னு ஏறாது. நாளைக்கு இந்தக் குட்டியானையை மாத்தி வேற வண்டி எடுக்க லோனுக்குப் போனா அந்த எழுத்து ஒனக்கு முன்னாடி போயி உக்காந்திருக்கும். அப்படி முடிச்சவனுக்கு அதே பேங்க் ஒரு வருசமாவது புதுக்கடன் தராது, ரிசர்வ் பேங்க் 2023-ல போட்ட விதி. வேற வழியே இல்லன்னா முடி, தப்பில்ல. ஆனா பேங்க் தாள்ல எழுதி வாங்காம ஒரு ரூவா குடுக்காதே. காசை கார்டு கணக்குல போடு. பேசுனவன் நம்பருக்கு ஜீபே போட்டேன்னா அவன் கடன்தான் அடையும்.

தண்டலுக்கு வா. 10,000-ன்னு எழுதி 8,500 கையில குடுத்தான். தெனம் 100, நூறு நாள். "1,500 தானே மாமா வட்டி"ன்னு நீ சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துட்டு. முதல் நாள்ல இருந்தே நீ திருப்பிக் குடுத்துக்கிட்டே இருக்கே. முழு 8,500 ஒன் கையில ஒரு நாள்கூட நிம்மதியாத் தங்கல. கணக்குப் போட்டா மாசம் பத்து வட்டிக்குக் கிட்ட வருது. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணிக்கணக்கு வட்டி எல்லாத்தையும் பேரு சொல்லித் தடுத்து 2003-லயே தமிழ்நாட்டுல சட்டம் போட்டாச்சு. மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, 30,000 வரைக்கும் அபராதம். மிரட்டி வசூல் பண்ணுததுக்கு எதிரா 2025-ல இன்னொரு சட்டமும் வந்துட்டு. இதைக் கேட்டதும் ஒனக்கு மீசை துடிக்கி பாத்தியா? அடக்கு. சட்டத்தை மடியில வச்சுக்கோ, வாயில வெத்தலையை வச்சுக்கோ. மொத வார்த்தையிலயே சட்டம் பேசுனா பேச்சு முடிஞ்சுது. அவன் அடிக்க வந்தா, வண்டியைத் தூக்குனா, அன்னைக்கு மடியை அவுரு.

அண்ணாச்சி விஷயம்தான் நாசூக்கு. ஒரு லச்சம், மூணு வட்டி, மாசம் 3,000. இதுவரைக்கும் 66,000 குடுத்துருக்கே. முதல்ல ஒரு ரூவா கொறையல. நோட்டைத் திருப்பிப் பாத்தேன்னா பின்பக்கம் வெள்ளையாக் கெடக்கும். கட்டுத ஒவ்வொரு ரூவாயையும் நோட்டுக்குப் பின்னாடி தேதி போட்டு வரவு வைக்கணும், அவரு கையெழுத்து விழணும். 66,000-த்துக்கு ஒன்கிட்ட சாட்சி யாரு? அவரு கடை வாசல்ல படுத்துக் கெடக்க நாய்.

அவருகிட்ட எப்படிப் போகணும்னு சொல்லுதேன். வெள்ளிக்கெழமை வேண்டாம், அன்னைக்கு எந்தக் கடைக்காரரும் கொறைச்சுப் பேச மாட்டாரு. காலையில ஏலம் நடக்கும்போதும் போகாதே, நாலு வியாபாரி முன்னாடி அவரால எறங்கி வர முடியாது. புதங்கெழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவி உக்காந்திருப்பாரு பாரு, அந்நேரம் போ. வெறுங்கையோட போகாதே. 2,400 ரூவாயை மேசையில எடுத்து வையி, அப்புறம் பேசு. "அண்ணாச்சி, ஓடி ஒளியுத எண்ணம் இல்ல. இதுவரைக்கும் 66,000 தந்துட்டேன். இனிமே தாரதை முதல்ல கழிச்சுக்கிடுங்க. மாசம் 2,400, நாலு மாசம் கழிச்சு 3,900, அதுக்கு மேல இன்னும் கூட்டித் தாரேன்"னு சொல்லு. சொல்லிட்டு வாயை மூடிரு. நீ மறுபடி பேச ஆரம்பிச்சா அவரு யோசிக்க மாட்டாரு. அவரு திட்டுவாரு, கேட்டுக்கோ. ஒங்க அப்பன் பேரை இழுப்பாரு, அதையும் கேட்டுக்கோ, எங்க மச்சானைத் திட்ட ஊருல நாலு பேருக்கு நியாயம் உண்டு. ஒரு வட்டியாவது வேணும்னு நின்னாருன்னா ஒத்துக்கோ, நாள் கொஞ்சம் இழுக்கும். ஆனா அன்னைக்கு வச்ச 2,400 நோட்டுக்குப் பின்னாடி ஏறாம எந்திரிக்காதே. எல்லாம் முடியுத அன்னைக்கு நோட்டு, ரெண்டு செக்கு, மூணும் கைக்கு வரணும். அந்தச் செக்கு சும்மா கெடக்குன்னு நெனைக்காதே. பேங்க்ல போட்டுத் திரும்புச்சுன்னா வக்கீல் நோட்டீஸ் வரும், கைக்கு வந்து 15 நாளைக்குள்ள பணம் கட்டலைன்னா கேஸு, ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள போடலாம்.

"நோட்டுக்கு மூணு வருசம்தானே மாமா ஆயுசு, அதுவரைக்கும் ஒளிஞ்சா?"ன்னு நீ கேக்காமலே ஒன் மூஞ்சி கேக்கு. எழுதுன தேதியிலிருந்து மூணு வருசம்தான், சரி. ஆனா நீ கையெழுத்துப் போட்டு வரவு வச்சாலோ, பாக்கி உண்டுன்னு எழுதிக்குடுத்தாலோ அன்னைலேந்து புதுசா மூணு வருசம். அதோட, இந்தத் தெருவுல அவரு கடைக்குத்தான் ஒன் வண்டி லோடு அடிக்கி. ஒளிஞ்சா முதல்ல போறது அந்த வாடகை.

குழு லோனைத் தொடாதே. மாசம் 2,600, பதினாலு மாசம் பாக்கி, அது பாட்டுக்கு ஓடட்டும். நீ தவறுனா அன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் தெருப் பொம்பளையெல்லாம் பீடித்தட்டை விட்டுட்டு ஒன் வீட்டுத் திண்ணையில உக்காந்திருப்பாளுக. அதைவிடப் பெரிய கோர்ட்டு இந்தியாவுல இல்ல. சங்கிலியும் கெடக்கட்டும். ஒன் கடன்லயே மலிவு அதுதான், மாசம் 600 வட்டி. அதை மட்டும் நிக்கவிடாம கட்டு, ஏலத்துக்குப் போயிரக் கூடாது.

ஆப்புக்காரன் 7,000-ன்னு எழுதி 4,600 குடுத்தான், ஒன் போன்ல உள்ள பேரையெல்லாம் உருவிட்டான், இப்ப என் நம்பருக்கும் மிரட்டுதான். என்னை மிரட்டி அவனுக்கு என்ன கெடைக்கும், பாவம். போன்ல உள்ள நம்பரையும் படத்தையும் தொடக்கூடாதுன்னு 2022-லயே ரிசர்வ் பேங்க் சொல்லிட்டு. ரிசர்வ் பேங்க்ல பதிஞ்ச கம்பெனி அதுக்குப் பின்னாடி இருக்கான்னு பாரு. இல்லன்னா 1930-க்கு அடிச்சு சைபர் கிரைம்ல சொல்லு. பதிஞ்ச கம்பெனின்னா அந்த 28,000 ரூவா போனை வித்து அடைச்சுட்டு, பட்டன் போன் வாங்கிக்கோ. தவணையெல்லாம் அந்தப் புள்ள போன்ல இருந்து ஜீபேயில போகட்டும். கணக்கு அவ கண்ணுல படும், ஒனக்கும் புதுசா ஒரு ஆப் எறக்க வழி இருக்காது.

இப்ப கூட்டு. வண்டியில டீசல் போக ஒனக்கு 19,000. பீடியில அவளுக்கு 5,500. மொத்தம் 24,500. இப்ப எல்லாரும் கேக்கது, ஆப்புக்காரனைத் தள்ளிட்டாலும், 12,600. பாதிக்கு மேல போச்சு. குழு லோனு குடுக்கவனுக்கு ரிசர்வ் பேங்க் 2022-ல போட்ட விதியே அதுதான், வீட்டுக்கு வாரதுல பாதிக்கு மேல தவணைக்குப் போகக் கூடாதுங்கது. நீ பாதியைத் தாண்டி ஓடுதே, அதான் மூச்சு வாங்குது. வீட்டுக்கு 13,000 ஒதுக்கு. டயரு, காய்ச்சல், எழவு வீடு இதுக்கெல்லாம் 1,000 தனியா டப்பாவுல போடு. மிச்சம் 10,500. கார்டு 3,400, குழு 2,600, சங்கிலி 600, தண்டல்காரன்கிட்ட தெனம் 50-ன்னு பேசி 1,500, அண்ணாச்சிக்கு 2,400. சரியாப் போச்சா? நாலு மாசத்துல தண்டல் முடியும், அந்த 1,500 அண்ணாச்சிக்குப் போகும். பதினாலாம் மாசம் குழு முடியும், அதுவும் அவருக்கு. முதல் மட்டும் போதும்னு அவரு எறங்கி வந்தாருன்னா 22 மாசத்துல நோட்டு ஒன் கையில. தண்டல் முடிஞ்ச சந்தோசத்துல டிவி வாங்கப் போனேன்னா நான் அந்த ட்ரோன் படத்தை ஊரு பூரா ஒட்டிருவேன்.

எவன்கிட்ட பேசுனாலும் பத்து தர முடியும்னு தோணுச்சுன்னா ஏழு சொல்லு. பத்தாந்தேதின்னு சொல்லிட்டு எட்டாந்தேதி கட்டு. ரெண்டு நாள் முந்திக் கட்டுத ஆளை இந்தப் பக்கத்துல யாரும் பாத்ததில்ல, மெரண்டு போயி டீ வாங்கித் தருவான். ஒரு மாசம் முடியலைன்னா மூணு நாள் முன்னாடியே போயி நின்னு சொல்லு. பேங்க் வசூல்காரன் காலையில எட்டுக்கு முன்னாடியும் ராத்திரி ஏழுக்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது. குழு லோனுக்காரனுக்கு ஒன்பதுலேந்து ஆறு வரைக்கும்தான். பேங்க் ஆளு காலையில ஏழு மணிக்கே வந்து நின்னான்னா வெரட்டாதே. காப்பி குடு. "எட்டு மணிக்கு மேல வாங்க, பேசுவோம்"னு சொல்லு. மரியாதை கெட்டுப் பேசுனா பேங்குக்கு எழுதிக் குடு, 30 நாள்ல பதில் இல்லன்னா ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன் இருக்காரு, 14448-ல கேட்டா வழி சொல்லுவாவ.

மஞ்சக் கடுதாசி குடுத்துரலாம்னு ஒன் கூட்டாளி சொன்னானாமே. அது 1920-ல வெள்ளக்காரன் போட்ட திவால் சட்டம். 500 ரூவா கடன் இருந்தாலே மனு போடலாம், அம்புட்டு தாராளம். 2016-ல புதுச் சட்டம் வந்துச்சு, ஆனா ஒன்னை மாதிரி தனி ஆளுக்கு இன்னும் நடைமுறைக்கு வரல. அதனால இப்பவும் நம்ம பக்கத்துக்கு அந்தக் கெழட்டுச் சட்டம்தான். மனு போட்டா ஒன் சொத்தை கோர்ட்டு ஆளு கையில எடுத்து எல்லாருக்கும் பங்கு வைப்பான், அதுக்கு முன்னாடி வருசக்கணக்கா வாய்தா. அந்தச் சட்டத்துக்குள்ளயேகூட, கடன் குடுத்தவங்களோட பேசி இம்புட்டுத் தாரேன்னு ஏற்பாடு பண்ணிக்கிட ஒரு வழி வச்சுருக்கான். அதைத்தான் நாம வாய்தா இல்லாம, வக்கீல் பீஸ் இல்லாம இந்தத் திண்ணையில பண்ணிக்கிட்டிருக்கோம். "ஒங்க கடனையெல்லாம் நாங்க பேசி முடிக்கோம், முதல்ல பீஸு கட்டுங்க"ன்னு போன்ல ஒருத்தன் வருவான், அவனுக்கும் குளிக்கேன்னு சொல்லச் சொல்லு. அதுக்கு மட்டும் அனுமதி உண்டு.

லோக் அதாலத்துன்னு ஒரு நோட்டீஸ் வந்ததைக் கிழிச்சு பீடிக்குத் தீ வச்சியாம்லே. அது ஜெயிலுக்குக் கூப்பிடுத சீட்டு இல்ல. பேங்க் ஆளும் நீயும் எதிர் எதிரா உக்காந்து தவணை பேசுத எடம். பீஸு கெடையாது. அங்க ஒத்துக்கிட்டது கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி, அப்பீலும் கெடையாது, அதனால முடிஞ்சதை மட்டும் ஒத்துக்கோ. வக்கீல் வேணும்னா 15100-க்கு அடி, இலவச சட்ட உதவி கெடைக்கும். அடுத்த தடவை நோட்டீஸ் வந்தா தீப்பெட்டி வாங்கிக்கோ, நான் காசு தாரேன்.

நோட்டுல இன்னொரு வரி பாக்கி இருக்கு. ஆடி மாசம் டயர் மாத்தணும்னு எங்கிட்ட வாங்கிட்டுப் போனியே 20,000, அதை நீயும் சொல்லல, அந்தப் புள்ளயும் சொல்லல. ஒங்க அத்தைக்குத் தெரியாம வெத்தலைப் பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்தது. வட்டி வேண்டாம், தாய்மாமன் வட்டி வாங்குனா எங்க அக்கா கனவுல வந்து நிப்பா. ரூவாயும் இப்ப வேண்டாம், அந்த 10,500-ல ஒரு பைசா தொடாதே. ஐப்பசியில என் தோட்டத்துத் தாரு வெட்டுக்கு வருது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டி வேணும். டீசல் என் காசு, நடைக்கு 1,000 கழிச்சுக்கோ. சீட்டுக்குப் பின்னாடி வரவு வச்சு நானே கையெழுத்துப் போட்டுத் தாரேன்.

என்னது? வெளியாளு 1,500 கேக்கானா? ஏலே, ரெண்டு மணி நேரமா வாயைத் தொறக்காதவன் எங்கிட்ட வந்து பேரம் பேசுதே! இந்த வாயை மூடாம அப்படியே புதங்கெழமை அண்ணாச்சி கடைக்குக் கொண்டு வா. 1,200. எழுது.